சந்தை வளாக டெண்டர்: 23 சதவீதம் குறைத்துக் கேட்டவருக்கே வேலையா?

சந்தைப்பேட்டைவாசி எழுதியது:

எங்கள் மாநகராட்சி பழைய தினசரிச் சந்தையை இடித்துவிட்டு இரண்டு மாடி வளாகம் கட்டப் போகிறது. மதிப்பீடு 4 கோடி ரூபாய். போன வாரம் விலை உறையைத் திறந்தார்கள். மூன்று பேர் போட்டி. ஒருவர் மதிப்பீட்டைவிட 23 சதவீதம் குறைவு, இன்னொருவர் 4 சதவீதம் குறைவு, மூன்றாமவர் 1 சதவீதம் கூடுதல்.

அந்தச் சந்தையில் எனக்கு முப்பது வருடமாகப் பலசரக்குக் கடை. மளிகைச் சாமானில் ஒருவன் கொள்முதல் விலைக்கும் கீழே விற்றால், ஒன்று எடையில் கை வைக்கிறான் அல்லது சரக்கில் கை வைக்கிறான். கட்டடத்திலும் அப்படித்தானே இருக்கும்? இதே ஊரில் குறைந்த விலைக்கு எடுத்துக் கட்டிய பொதுக் கழிப்பறை இரண்டாவது மழைக்கே ஒழுகியது. குறைத்துக் கேட்டவருக்குத்தான் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா? இந்த 92 லட்சத்தை அவர் சிமெண்டில் பிடிப்பாரா, கம்பியில் பிடிப்பாரா?

அரைச்செங்கல் எழுதியது:

இரண்டிலும் பிடிக்கலாம். மணலை விட்டுவிட்டீர்களே அண்ணாச்சி.

பழையஎம்புக் எழுதியது:

உள்ளாட்சியில் பொறியாளராக 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். கேட்டதற்கு முதலில் நேர்ப் பதில்: ஆம், பெரும்பாலும் அவருக்குத்தான் கொடுக்க வேண்டும். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது, அதன் விதிகள் 2000-இல். தகுதி பெற்றவர்களில், ஆவணத்தில் முன்கூட்டியே சொன்ன, அளந்து பார்க்கக்கூடிய அம்சங்களின்படி யாருடைய விலை குறைவோ அவருடையதை ஏற்க வேண்டும் என்கிறது 10-ஆவது பிரிவு. அந்த விலையே சந்தை நிலவரத்தைவிட அதிகமாக இருந்தால் அவர் ஒருவருடன் மட்டும் பேசிக் குறைக்கலாம். இரண்டாமவரைக் கூப்பிட்டு "நீங்கள் எவ்வளவுக்கு வருவீர்கள்" என்று கேட்கும் பழைய பழக்கத்துக்கு இடமில்லை.

23 சதவீதம் குறைவு என்றவுடனே திருட்டு என்று முடிவு கட்டாதீர்கள். மதிப்பீடு என்பது பொதுப்பணித் துறையின் விலை விகிதப் பட்டியலை வைத்துப் போடுவது. கம்பி விலை ஏறியிருந்த நாளில் போட்ட மதிப்பீடு, இறங்கிய பிறகு டெண்டருக்கு வந்தால் எல்லோருமே குறைத்துத்தான் கேட்பார்கள். சொந்தமாக ஜல்லிக் கிரஷர், லாரி, சென்ட்ரிங் பலகை எல்லாம் வைத்திருப்பவரின் கணக்கும், அனைத்தையும் வாடகைக்கு எடுப்பவரின் கணக்கும் ஒன்றல்ல. வேறு வேலை இல்லாமல் ஆட்களைச் சும்மா உட்காரவைத்துச் சம்பளம் கொடுப்பவர், கைக்கும் வாய்க்கும் சரியாக இருந்தால் போதும் என்றும் எடுப்பார்.

சந்தேகத்துக்கும் வழி வைத்திருக்கிறார்கள். மதிப்பீட்டைவிட 15 சதவீதத்துக்கும் மேல் குறைத்துக் கேட்டால், வித்தியாசத்தில் பாதியைக் கூடுதல் பிணைத்தொகையாகக் கட்டச் சொல்லும் நிபந்தனை நம் டெண்டர் ஆவணங்களில் வழக்கமாக உண்டு. உங்கள் சந்தைக்குக் கணக்குப் போடுங்கள்: வித்தியாசம் 92 லட்சம், பாதி 46 லட்சம். டெண்டர் போடும்போதே முன்வைப்புத் தொகையாகக் கட்டிய ஒரு சதவீதம் போக, இது தனி. அதைக் கட்டிவிட்டாரா என்று முதலில் விசாரியுங்கள். கட்டியிருந்தால் அவ்வளவு எளிதில் ஓடமாட்டார்.

இரண்டாம்உறை எழுதியது:

ஐயா சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் ஒப்பந்ததாரன். பதினெட்டு வருடம் அரசு வேலை எடுத்து, இப்போது தனியார் வீடுகளோடு நிறுத்திக்கொண்டவன். அண்ணாச்சி, நீங்கள் 23-ஐப் பார்க்கிறீர்கள். நான் மூன்றைப் பார்க்கிறேன். 4 கோடி வேலைக்கு ஏன் மூன்று பேர் மட்டும் வந்தார்கள்?

யாருக்கு வேலை என்பது உறை திறக்கும் நாளில் தீர்மானமாவதில்லை. தகுதி நிபந்தனையை எழுதும் மேசையில் தீர்மானமாகிறது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002-இல் ஓர் அளவுகோல் சொன்னது. கடந்த 7 வருடத்தில் இதே மாதிரி வேலை, மதிப்பில் 40 சதவீதம் அளவுக்கு மூன்று, அல்லது 50 சதவீதம் அளவுக்கு இரண்டு, அல்லது 80 சதவீதம் அளவுக்கு ஒன்று முடித்திருந்தால் போதும். ஆண்டு விற்றுமுதல் சராசரியாக அந்த மதிப்பில் 30 சதவீதம் இருந்தால் போதும். இது நியாயமான வடிகட்டி. ஆனால் "இதே மாதிரி வேலை" என்பதற்கு என்ன பொருள் என்று எழுதுகிறார்களே, அங்கேதான் கதவு திறப்பதும் சாத்துவதும். "கட்டடம்" என்று எழுதினால் இருபது பேர் வருவார்கள். "மாநகராட்சி எல்லைக்குள் கட்டப்பட்ட, மின்தூக்கி வசதியுள்ள காய்கறி அங்காடி" என்று எழுதினால் ஒருவர் வருவார். அவருக்குத் துணையாக இரண்டு பேரை அவரே கூட்டிவருவார்.

அப்புறம் இந்தப் பணியிடப் பார்வைச் சான்று. டெண்டர் போடுவதற்கு முன் இடத்தை நேரில் பார்த்ததாக அந்த வட்டாரப் பொறியாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று சில இடங்களில் நிபந்தனை வைத்தார்கள். எல்லாம் கணினியில், யார் போடுகிறார்கள் என்றே தெரியாது என்று பெருமை பேசிவிட்டு, கையெழுத்துக்காக ஆளை நேரில் வரவழைத்தால் என்ன ரகசியம் மிஞ்சும்? நான் கையெழுத்துக்குப் போன நாள் சாயங்காலமே எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. மிரட்டல் எல்லாம் இல்லை. "இந்த வேலை வேண்டாம் தம்பி, அடுத்தது உங்களுக்கு" என்று மரியாதையாகத்தான் பேசினார்கள். நான் போடவில்லை. அடுத்ததும் எனக்கு வரவில்லை.

பழையஎம்புக் எழுதியது:

தம்பி சொல்வதை நான் மறுக்கமாட்டேன். காகித டெண்டர் காலத்தில் முன்வைப்புத் தொகைக்கான வரைவோலைகளைக் கவரில் இருந்து எடுத்து வரிசையாக வைத்தால், மூன்று போட்டியாளர்களின் ஓலைகளும் ஒரே வங்கிக் கிளையில் அடுத்தடுத்த எண்களாக இருக்கும். மூன்று கவரிலும் ஒரே கையெழுத்தில் முகவரி. அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் ஒப்பீட்டுப் பட்டியல் போட்டவர்களில் நானும் ஒருவன். 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு இப்படிக் கூடிப்பேசி விலை போடுவதைத் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தை எங்கள் அலுவலகத்தில் யாரும் எடுத்துப் படித்ததாக நினைவில்லை.

ஆனால் ஒன்று. கூடிப்பேசிய டெண்டரில் வெற்றி விலை 23 சதவீதம் கீழே போகாது. மதிப்பீட்டை ஒட்டியோ, கொஞ்சம் மேலேயோ நிற்கும். ஆகவே இங்கே வந்த மூன்று பேரில் இரண்டு பேர் பேசிவைத்திருக்கலாம், மூன்றாமவர் அழைக்காத விருந்தாளியாக உள்ளே நுழைந்திருக்கலாம். அண்ணாச்சி யாரைத் திருடன் என்று நினைக்கிறாரோ அவரே நேர்மையான ஆளாகவும் இருக்க வாய்ப்பு உண்டு.

சந்தைப்பேட்டைவாசி எழுதியது:

தலை சுற்றுகிறது. அப்படியானால் வழக்குப் போட்டு டெண்டரை ரத்து செய்ய வைக்கலாமா? வியாபாரிகள் சங்கத்தில் சிலர் பணம் திரட்டத் தயாராக இருக்கிறார்கள்.

வழக்குக்கட்டு எழுதியது:

பணத்தைப் பத்திரமாக வையுங்கள். சட்டத்தின் 11-ஆவது பிரிவில் மேல்முறையீடு உண்டு. ஆனால் டெண்டர் போட்டவர்தான் செய்ய முடியும், ஆணை கிடைத்த 10 நாட்களுக்குள். நீங்கள் டெண்டர் போட்டவர் அல்ல. பொதுநல வழக்கு என்று போனால், 1994-இல் டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட கோட்டைக் காட்டுவார்கள்: முடிவு எடுத்த முறையை நீதிமன்றம் பார்க்கும், முடிவு சரியா என்று மேல்முறையீட்டு அலுவலர் மாதிரி உட்கார்ந்து பார்க்காது. "விலை குறைவாக இருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது" என்பது அங்கே வாதமே இல்லை.

எது வாதம் என்றால், சொன்ன நிபந்தனையை அவர்களே மீறியது. ரமணா தயாராம் ஷெட்டி வழக்கு, 1979. பம்பாய் விமான நிலையத்தில் உணவகம் நடத்த டெண்டர். குறைந்தது 5 வருட அனுபவமுள்ள, பதிவுபெற்ற இரண்டாம் தர ஓட்டல்காரர் வேண்டும் என்று அறிவித்துவிட்டு, கேண்டீன் நடத்திய அனுபவம் உள்ளவருக்குக் கொடுத்தார்கள். தான் அறிவித்த அளவுகோலுக்கு அரசு அமைப்பும் கட்டுப்பட்டது என்று நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னது. இந்திய டெண்டர் சட்டமே அந்தத் தீர்ப்பின் மேல்தான் நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால் வழக்குப் போட்டவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தாமதமாக வந்தார், அதற்குள் மற்றவர் செலவு செய்து கடையைத் திறந்துவிட்டார் என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

பழையஎம்புக் ஐயாவுக்கு ஒரு கேள்வி: எத்தனை நாள் அவகாசம் கொடுத்தார்கள் என்று யாரும் பார்த்தீர்களா? 2 கோடிக்கு மேல் என்றால் விளம்பரத்துக்கும் கடைசி நாளுக்கும் இடையே 30 நாள் வேண்டும், 2 கோடி வரை 15 நாள். குறைத்தால் மேலதிகாரி எழுத்தில் காரணம் சொல்லியிருக்க வேண்டும்.

பழையஎம்புக் எழுதியது:

இணையதளத்தில் பார்த்தேன். 31 நாள் கொடுத்திருக்கிறார்கள். அதில் பழுதில்லை.

தெம்பனிஸ்தமிழன் எழுதியது:

சிங்கப்பூரில் கட்டுமானச் செலவுக் கணக்குப் பார்க்கும் வேலை எனக்கு. இங்கே பொதுத் துறைக் கட்டட டெண்டர்களில் விலை மட்டும் பார்ப்பதில்லை. விலைக்கு இவ்வளவு, தரத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பங்கு பிரித்து அறிவிப்பார்கள். ஒப்பந்ததாரர்கள் கட்டட, கட்டுமான ஆணையத்தில் ஏ1 முதல் சி3 வரை ஏழு படிகளில் பதிந்திருக்க வேண்டும். படிக்கு ஏற்ற தொகை வரைதான் டெண்டர் போடலாம், ஏ1-க்கு மட்டும் வரம்பில்லை. கட்டி முடித்த கட்டடத்துக்குக் கான்குவாஸ் என்று மதிப்பெண் போடும் முறை 1989 முதல் இருக்கிறது. தரை ஓட்டில் இடைவெளி, சுவர் மூலை நேராக இருக்கிறதா என்பது வரை தட்டித் தடவிப் பார்த்துப் போடுவார்கள். மட்டமாகக் கட்டியவர் அடுத்த வேலைக்கு வரும்போது அந்த மதிப்பெண்ணும் கூடவே வரும். நம் ஊரில் இதைச் செய்ய என்ன தடை?

பழையஎம்புக் எழுதியது:

தம்பி, மத்திய அரசு 2021 அக்டோபரில் இந்த வழியைக் கட்டுமானப் பணிகளுக்கும் திறந்துவிட்டது. தரத்துக்கு அதிகபட்சம் 30 சதவீதப் பங்கு கொடுக்கலாம் என்று வரம்பும் வைத்தது. அது மத்திய அரசுப் பணிகளுக்கு. எனக்கு அதில் பயம்தான். ஓட்டில் இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் என்பதை யார் அளந்தாலும் ஒன்றுதான். "வேலைத் திட்டம் சிறப்பாக இருக்கிறது, 10-க்கு 9" என்பதை அளக்கக் கருவி கிடையாது. தொழில்நுட்ப மதிப்பெண்ணில் இரண்டு கூட்டினால் விலையில் இருபது லட்சம் கூடுதலாகக் கேட்டவர் முன்னால் வந்துவிடுவார், எந்தத் தணிக்கையிலும் அகப்படாது. குறைந்த விலை முறை முட்டாள்தனமானதுதான். ஆனால் அந்த முட்டாள்தனத்தைத் தெருவில் போகிறவரும் சரிபார்க்கலாம்.

இரண்டாம்உறை எழுதியது:

இங்கே ஐயாவோடு எனக்கு உடன்பாடில்லை. நன்றாகக் கட்டியதற்கு ஒரு பைசா மதிப்பு இல்லையென்றால் எவன் நன்றாகக் கட்டுவான்? நான் 2011-இல் கட்டிய பள்ளிக்கூடத்தில் இன்றுவரை ஒரு விரிசல் கிடையாது. அடுத்த டெண்டரில் அதற்காக எனக்கு என்ன கிடைத்தது? ஒழுகும் கட்டடம் கட்டியவரும் "பணி திருப்திகரமாக முடிந்தது" என்று அதே சான்றிதழ்தான் வைத்திருக்கிறார். எழுத்து ஒன்று, முத்திரை ஒன்று.

அரைச்செங்கல் எழுதியது:

சென்னை ரிப்பன் மாளிகை 1913-இல் முடிந்தது. ஏழரை லட்சம் ரூபாய் செலவு. கட்டிய ஒப்பந்ததாரர் லோகநாத முதலியார். நூறு வருடம் தாண்டியும் கட்டியவர் பெயர் தெரிகிறது. அண்ணாச்சி சொன்ன கழிப்பறையைக் கட்டியவர் பெயரை வார்டு அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். திறந்துவைத்தவர் பெயர் மட்டும்தான் கருங்கல்லில் இருக்கும்.

தணிக்கைப்பென்சில் எழுதியது:

உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் வேலையில் இருந்தவள் நான். இவ்வளவு பேர் பேசியும் ஒரு கேள்வி வரவில்லை. இந்த டெண்டர் மொத்த மதிப்பீட்டின் மேல் இத்தனை சதவீதம் என்று கேட்டதா, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி விலை கேட்டதா?

தனித்தனி விலை என்றால் 23 சதவீதம் என்ற எண்ணை மறந்துவிடுங்கள். அது வெறும் கூட்டுத்தொகை. கெட்டிக்காரர் என்ன செய்வார் என்றால், மதிப்பீட்டில் எந்த அளவு தவறாக இருக்கிறது என்று முதலில் தேடுவார். மண் நிரப்புதல் 2,000 கன மீட்டர் என்று போட்டிருக்கிறார்கள், உண்மையில் 8,000 தேவைப்படும் என்று அவருக்குத் தெரியும் என்று வையுங்கள். மண்ணுக்கு இரண்டு மடங்கு விலை போடுவார். எப்படியும் முழுதாகச் செய்யப்போகாத வண்ணப்பூச்சு, மரவேலை, சுற்றுச்சுவர் இவற்றுக்குப் பாதி விலை போடுவார். டெண்டர் நாளில் கூட்டினால் இவர்தான் குறைவு. வேலை முடிந்து பணம் கேட்டுப் பட்டியல் போடும்போது மண் 8,000 கன மீட்டருக்கு இரட்டை விலையில் போகும், சுற்றுச்சுவர் "நிதிப் பற்றாக்குறையால்" கைவிடப்படும். யாரும் யாருக்கும் லஞ்சம் கொடுத்ததாகக் காகிதத்தில் இருக்காது. அண்ணாச்சி, சிமெண்டிலா கம்பியிலா என்று கேட்டீர்கள். அவற்றைச் சோதனைக்கூடத்தில் பிடித்துவிடலாம். பூமிக்குள் போன மண்ணை யார் தோண்டி அளப்பார்?

பணி ஆணை கொடுத்த பிறகு, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி விண்ணப்பம் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். இரண்டு வரியில் கேளுங்கள், பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். விரிவான மதிப்பீடு, மூன்று பேரின் விலைகளும் உள்ள ஒப்பீட்டுப் பட்டியல், மண் பரிசோதனை அறிக்கை. இவற்றின் நகல். "ஏன்", "எதற்கு" என்று ஒன்றும் கேட்காதீர்கள். கேட்டால் அதைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். அளவு கூடினால் விலை மாறுமா என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்கும், அந்தப் பக்கமும் வேண்டும்.

சந்தைப்பேட்டைவாசி எழுதியது:

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். 46 லட்சம் பிணைத்தொகை கட்டியாகிவிட்டது, பணி ஆணையும் போய்விட்டது. தகவல் உரிமையில் காகிதம் வந்தது, 140 பக்கம். கடையில் உட்கார்ந்து அடிக்கோல் வைத்து வரிவரியாகப் படித்தேன். அம்மா, நீங்கள் என் ஊருக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் எழுதினீர்களா?

தனித்தனி விலைதான். மண் நிரப்புதலுக்கு மதிப்பீட்டில் உள்ள விலையைப்போல் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல். வண்ணப்பூச்சும் கதவு ஜன்னலும் பாதிக்கும் கீழே. மற்ற இருவரும் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் போட்டிருக்கிறார்கள். மண் பரிசோதனை அறிக்கை கேட்டதற்கு, "கோப்பில் இல்லை" என்று ஒரு வரி.

இனி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சந்தையின் வடக்குப் பாதி ஒரு காலத்தில் குளம். என் அப்பா கடை போட்ட புதிதில் அதில் மாடு குளிப்பாட்டினார்கள். குப்பை கொட்டித் தூர்த்துத்தான் மீன் கடைகள் வந்தன. மதிப்பீடு போட்டவருக்கு இது தெரியாமல் இருக்கலாம், வெளியூர்க்காரர். மண்ணுக்கு இரட்டை விலை போட்டவருக்குத் தெரிந்திருக்கிறது.

தணிக்கைப்பென்சில் எழுதியது:

அளவு கூடினால் விலை மாறும் பிரிவு இருக்கிறதா?

சந்தைப்பேட்டைவாசி எழுதியது:

இருக்கிறது. ஆனால் அதன் கீழே "அடித்தளத்துக்குக் கீழான பணிகளுக்கு இது பொருந்தாது" என்று ஒரு வரி.

இரண்டாம்உறை எழுதியது:

அப்படியானால் மண் எவ்வளவு கூடினாலும் அதே இரட்டை விலைதான். அந்த ஒரு வரியை எழுதிய கைக்குத் தங்கக் காப்பு போடலாம்.

பழையஎம்புக் எழுதியது:

அவசரப்படாதீர்கள். அந்த வரி பல ஆவணங்களில் வழக்கமாக வருவது. பூமிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்பதால் வைத்தது. இங்கே வசதியாகப் போய்விட்டது.

அண்ணாச்சி, டெண்டரை இனி அசைக்க முடியாது. மண்ணை இன்னும் கொட்டவில்லையே? ஆகவே இன்னும் ஒரு கதவு திறந்திருக்கிறது. நிரப்புவதற்கு முன்பு தரை எந்த மட்டத்தில் இருக்கிறது என்று லெவல் கருவி வைத்து அளந்து, மட்டப் புத்தகத்தில் எழுதி, பொறியாளரும் ஒப்பந்ததாரரும் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு ஆரம்ப மட்டம் என்று பெயர். நிரப்பிய பிறகு மறுபடி அளப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் பணம். ஆரம்ப மட்டத்தில் அரை அடி ஆழம் கூட்டி எழுதினால் போதும், லாரியே வராத மண்ணுக்குப் பட்டியல் போட்டுவிடலாம். அந்தப் பரப்பு முழுவதற்கும் அரை அடி என்றால் எத்தனை லோடு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆணையருக்கு ஒரு மனு கொடுங்கள். குற்றம் எதுவும் சாட்ட வேண்டாம். வடக்குப் பாதி பழைய குளம், மண் பரிசோதனை செய்யுங்கள், ஆரம்ப மட்டம் எடுக்கும்போது வியாபாரிகள் சங்கப் பிரதிநிதி உடன் இருக்க அனுமதியுங்கள். மூன்றே வரி. கொடுத்ததற்கு ரசீது வாங்க மறக்காதீர்கள். நிலையான அடையாளமாக ஓர் இடத்தை வைத்து அளப்பார்கள். அது எது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வேலை நடக்கும்போது இடித்துவிடக்கூடிய படிக்கட்டையோ கல்லையோ வைத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மாரியம்மன் கோயில் வாசற்படி மாதிரி யாரும் கை வைக்காத இடமாக இருக்கட்டும்.

அரைச்செங்கல் எழுதியது:

முதல் முறையாக இந்த மன்றத்தில் அம்மனுக்கு ஒரு தொழில்நுட்பப் பணி.

சந்தைப்பேட்டைவாசி எழுதியது:

மனு கொடுத்தேன். மண் பரிசோதனைக்கு மூன்று இடத்தில் துளை போட்டார்கள். வடக்குப் பக்கம் பதினோரு அடி வரை பழைய பாலிதீன் பையும் செருப்பும் வந்தன. அடித்தள வடிவமைப்பை மறுபடி பார்க்கக் கோப்பு போயிருக்கிறது. குப்பையைத் தோண்டி நிரப்புவதா, தூண்களைக் கீழே இறக்குவதா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். இறக்குவது என்றால் மண் வேலை பெரிதாகக் குறைந்துவிடும் என்றார் உதவிப் பொறியாளர். சொல்லும்போது அவர் ஒப்பந்ததாரரின் ஆளைப் பார்க்கவில்லை, அந்த ஆளும் என்னைப் பார்க்கவில்லை.

ஆரம்ப மட்டம் வியாழக்கிழமை காலை 7 மணிக்கு. சங்கத்திலிருந்து என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். நிலையான அடையாளம் கோயில் வாசற்படிதான், எழுதி வாங்கிவிட்டேன். ஐயா, அந்தக் கருவியில் எண்ணை எப்படிப் படிப்பது என்று புதன்கிழமைக்குள் ஒரு தடவை எழுத முடியுமா? கடையைத் தம்பி பார்த்துக்கொள்வான்.